கத்திரி வெயிலில் டர்போ கார் ஏன் இழுப்பதில்லை?

"மார்கழியில் பறந்த வண்டி, இப்போ இழுக்கவே மாட்டேங்குது." மே மாதம் பிறந்துவிட்டால் டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் கொண்டுவரும் புகார் இது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பழுது எதுவும் தெரியாது. எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் பலத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஐஎஸ்ஓ 1585 என்ற சர்வதேச அளவீட்டு முறை, எஞ்சின் திறனை 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குக் கணக்கிட்டுச் சொல்கிறது. விளம்பரங்களில் வரும் குதிரைத்திறன் இப்படிப்பட்ட முறைகளில் கணக்கிடப்பட்டதுதான். வேலூரிலும் கரூரிலும் அக்னி நட்சத்திர நாட்களில் பாதரசம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. வானிலை ஆய்வு மையம் அதையும் நிழலில் வைத்துத்தான் அளக்கிறது. கொதிக்கும் தார்ச்சாலைக்கு அரை மீட்டர் மேலே, முன்னால் போகும் லாரியின் சூட்டையும் சேர்த்து உறிஞ்சும் காரின் முகப்புக்கு வரும் காற்று இன்னும் சூடானது.

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 15 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 1.225 கிலோ எடையிருக்கும். 40 டிகிரியில் அது 1.13 கிலோவுக்கு இறங்கிவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் நீராவியும் சேர்ந்து ஆக்சிஜனின் பங்கை இரண்டு மூன்று சதவீதம் குறைக்கிறது. இந்த இழப்பு எல்லா எஞ்சின்களுக்கும் பொது. டர்போவின் சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ, மெல்லிய காற்றைச் சமாளிப்பதில் கெட்டிக்காரன். ஊட்டியில், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் அங்கே திணறும். டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று, விட்ட அழுத்தத்தைப் பெரிதும் ஈடுகட்டிவிடும். ஆனால் வெப்பத்தை அதனால் ஈடுகட்ட முடியாது. அதுவே வெப்பத்தைக் கூட்டுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுமே, அதே இயற்பியல்தான். 40 டிகிரி காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், டர்போவிலிருந்து வெளிவரும்போது அது 130 டிகிரியை ஒட்டியிருக்கும்.

அந்தச் சூட்டை ஆற்றுவது இன்டர்கூலரின் வேலை. பெரும்பாலான கார்களில் அது வெளிக்காற்றைக் கொண்டுதான் ஆற்றுகிறது. ஆகவே வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒருபோதும் ஆற்ற முடியாது. அதற்கும் காற்று வேகமாகப் பாய வேண்டும். விடுமுறை நாளில் தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே ஊர்ந்து போகும் காரில் இன்டர்கூலரும் அதன் குழாய்களும் சூட்டைக் குடித்துக் கிடக்கும். நெரிசல் விலகியதும் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் எஞ்சின் தயங்குவது இதனால்தான். ஓரிரு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். காற்று பட்டு அந்தச் சூடு இறங்கிவிடும்.

சிலிண்டருக்குள் சூடான காற்று போனால், தீப்பொறி மூட்டிய சுடர் போய்ச் சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனையே உடைத்துவிடும். எஞ்சினின் கணினியான இசியு, ஒரு சென்சார் மூலம் நாக்கிங்கின் அதிர்வை உணர்ந்து, தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தும். டர்போவின் அழுத்தத்தையும் தளர்த்தும். பிக்கப் போவது அங்கேதான். டீசலில் இந்த வகை நாக்கிங் இல்லாததால் இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை.

டர்போ கார்களின் முதல் தலைமுறையே இந்தச் சிக்கலில் மாட்டியது. 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில், நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் காற்றோடு தெளித்தார்கள். அது ஆவியாகும்போது கலவை குளிர்ந்துவிடும். யோசனை அருமையானது, ஆனால் பலர் அந்தத் தொட்டியை நிரப்பவே மறந்தார்கள். தொட்டி காலியானால் டர்போ அடக்கப்பட்டுவிடும். இரண்டே ஆண்டுகளில் கார் நின்றுபோனது. அரை நூற்றாண்டு கழித்து பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் காரில் அதே உத்தி தண்ணீர்த் தெளிப்பாகத் திரும்பி வந்தது.

நம் சாதாரணக் கார்களுக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. செலவு குறைந்த வேலைகளே போதும். முகப்பில் அடுக்கியிருக்கும் ஏசி கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் ஆகியவற்றின் இடுக்குகளில் புழுதியும் பூச்சியும் அடைத்திருக்கும். கோடைக்கு முன்பு மெதுவான தண்ணீர் வீச்சில் கழுவச் சொல்லுங்கள். வாட்டர் வாஷ் கடையின் முழு அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கூலன்ட் விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் தவறுகள் என்னை மிகவும் வருத்துகின்றன. கூலன்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அதன் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து குழாய்களை அடைக்கும். அந்தத் தண்ணீர் கூலன்ட்டைவிடச் சீக்கிரம் கொதிக்கவும் செய்யும். வெயிலுக்கு நல்லது என்று சொல்லி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் காலையில் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழி மூடாமல், ரேடியேட்டருக்குப் போக வேண்டிய கூலன்ட் வழிமாறி, சூடு கூடவும் செய்யும். இந்த இரண்டு தவறுகளையும் அனுமதிக்காதீர்கள்.

சிறிய டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கும் மேலே சுழலும். அதன் ஒரு பக்கம் பாயும் பெட்ரோல் புகை 900 டிகிரியைத் தொடக்கூடியது; நடுவில் இருக்கும் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். வேகமாக ஓட்டிவந்து விக்கிரவாண்டியில் சாப்பிட நிறுத்தும்போது, உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இல்லையென்றால் அந்த ஆயில் அங்கேயே கருகிப் படியும். கம்பெனி சொன்ன ரக ஆயிலைத் தவணை தப்பாமல் மாற்றுங்கள்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, உங்கள் காரின் கையேடு அதிக ஆக்டேன் கேட்டால் மட்டும் பிரீமியம் பெட்ரோலுக்குச் செலவழியுங்கள். பலம் கூடும் என்று சிலர் மாட்டும் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சும், சத்தம்தான் மிச்சம். இசியு மென்பொருளை மாற்றி அழுத்தத்தைக் கூட்டுவது நம் வெயிலில் ஆபத்து. வெப்பத்துக்கென்று பொறியாளர்கள் ஒதுக்கிய இடைவெளியைத்தான் அது தின்கிறது, வாரண்டியும் போய்விடும்.

பழுதா, வெயிலா என்று தெரிய அதிகாலை ஐந்து மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போது வண்டி பழையபடி இழுத்தால் கவலை வேண்டாம். அப்போதும் இழுக்காவிட்டால் டர்போ குழாய்க் கசிவு, அடைத்த ஃபில்டர் என்று ஏதோ இருக்கிறது; மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வெப்பமானி முள் வழக்கமான இடத்தைத் தாண்டினாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூடு முழுவதும் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியை யாரையும் திறக்க விடாதீர்கள்.