செபப் புத்தகத்தில் *, †, + குறிகள் எதற்கு? திருப்புகழ்மாலையைப் புரிந்துகொள்ள எளிய விளக்கம்

கன்னியர் மடத்திலோ குருமடத்திலோ மாலை செபத்துக்குப் போய் உட்காருகிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் தடிமனான ஒரு புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார். திறந்தால் வரிக்கு நடுவே நட்சத்திரம், சில இடங்களில் சிலுவை, ஆங்காங்கே சிவப்பு எழுத்து. சரி, வாசிப்போம் என்று தொடங்கினால், எல்லோரும் சட்டென நிறுத்தும் இடத்தில் உங்கள் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது!

அந்தப் புத்தகம்தான் திருப்புகழ்மாலை. கத்தோலிக்கத் திருச்சபையின் அன்றாட செபநூல். குருக்களுக்கு இது கடமை. பொதுநிலையினரும் இதைச் சொல்லலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே ஊக்கப்படுத்தியது. இப்போது மொபைலிலேயே இந்தச் செபத்தைச் சொல்ல முடிகிறது. ஆனால் குறிகளுக்கு என்ன அர்த்தம் என்று பலருக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை.

உண்மையில் விஷயம் ரொம்ப சிம்பிள். பல பேர் ஒரே குரலாகச் சொல்ல வேண்டிய புத்தகம் இது. அதனால் குறிகள் எல்லாமே மூன்றே கேள்விகளுக்குத்தான் பதில் சொல்கின்றன: யார் சொல்வது? எங்கே நிறுத்துவது? எங்கே புரட்டுவது?

சிவப்பு எழுத்தை வாசிக்கலாமா?

கூடாது. கறுப்பில் இருப்பது செபம். சிவப்பில் இருப்பது அதற்கான வழிகாட்டுதல். இந்தக் குறிப்புகளுக்கு 'ரூப்ரிக்' என்று பெயர். சிவப்பைக் குறிக்கும் 'ரூபர்' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது அது. கையால் எழுதிய காலத்திலேயே குறிப்புகளை சிவப்பு மையில் எழுதும் பழக்கம் இருந்தது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஜெராக்ஸ் எடுக்கும்போது எல்லாமே கறுப்பாகிவிடும். அப்போதுதான் "அனைவரும் நிற்கவும்" என்பதையும் யாராவது சத்தமாக வாசித்துவிடுகிறார்கள்.

யார் சொல்வது?

லத்தீன், ஆங்கிலப் புத்தகங்களில் 'வி', 'ஆர்' எழுத்துகளின் மேல் ஒரு கோடு இழுத்திருக்கும். முதலாவது, வழிநடத்துபவர் சொல்வது. இரண்டாவது, மற்ற எல்லோரும் தரும் பதில். அந்தக் கோடு, 'இது ஒரு சுருக்கம்' என்று காட்ட அந்தக் காலத்தில் ஏடு எழுதியவர்கள் போட்டது. தமிழ் செபநூல்களில் இதையே 'முதல்', 'எல்' என்று பார்த்திருப்பீர்கள். 'எல்' என்றால் எல்லாரும்.

நட்சத்திரம் (*) அடிக்குறிப்பா?

இல்லை. பக்கத்தின் அடியில் போய்த் தேடாதீர்கள். திருப்பாடலில் ஒவ்வொரு வசனமும் பெரும்பாலும் இரண்டு பாதி. முதல் பாதியில் சொன்னதை இரண்டாம் பாதி வேறு விதமாகத் திருப்பிச் சொல்லும், அல்லது வளர்த்துச் சொல்லும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் * வரும். அங்கே ஒரு மூச்சு விட்டு, சேர்ந்து தொடர வேண்டும். வசனம் நீளமாக இருந்தால் முதல் பாதிக்குள்ளேயே † வரும். பாடும்போது அங்கே குரலைக் கொஞ்சம் இறக்குவார்கள்.

குழப்பும் சிலுவைகள்

இதே † குறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. திருப்பாடலுக்கு முன்னால் 'முன்மொழி' என்று ஒரு வரி வரும். சில நேரம் அந்த வரியும் பாடலின் முதல் வரியும் ஒன்றாகவே இருக்கும். இரண்டு முறை சொல்ல வேண்டாம் என்பதற்காக, பாடலுக்குள் † போட்டிருப்பார்கள். முன்மொழி முடிந்ததும் நேராக அந்த இடத்தில் இருந்து தொடரலாம்.

+ போன்ற சிலுவைக் குறி வேறு. அது சிலுவை அடையாளம் வரைவதற்கு. செபத்தின் தொடக்கத்திலும், செக்கரியா, மரியா, சிமியோன் ஆகியோரின் நற்செய்திப் பாடல்களின் தொடக்கத்திலும் இது செய்யப்படும்.

22 (23) - எதற்கு இரண்டு எண்?

எபிரேய மூலத்தில் 9, 10 என இருக்கும் இரண்டு பாடல்கள் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஒன்றாகிவிட்டன. அதனால் அதற்குப் பிறகு பெரும்பாலான பாடல்களின் எண்ணில் ஒன்று குறைகிறது. பைபிளில் தேட வேண்டும் என்றால் இரண்டில் பெரிய எண்ணைப் பாருங்கள்.

தலைப்பில் வசன எண்கள் விட்டுவிட்டு வந்தால் அது அச்சுப்பிழை அல்ல. பகைவரைச் சபிக்கும் சில வசனங்கள் செபத்தில் சேர்க்கப்படவில்லை. 57 (58), 82 (83), 108 (109) ஆகிய மூன்று பாடல்கள் முழுதாகவே விடப்பட்டுள்ளன.

முதல் வார ஞாயிறு காலையில் தானியேல் நூலின் பாடலுக்கு "3: 57-88, 56" என்று இருக்கும். 56-ம் வசனம் கடைசியில் வருவது வேண்டுமென்றே செய்ததுதான். அந்தப் பாடலின் முடிவில் மட்டும், வழக்கமாக வரும் மூவொரு கடவுள் புகழைச் சொல்வதில்லை. அதைச் சொல்வதும் சிவப்புக் குறிப்புதான்.

இன்று எந்த வாரம்?

திருப்பாடல்கள் நான்கு வாரச் சுற்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பொதுக்காலத்தில் வார எண்ணை 4-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 22-ம் வாரம் என்றால் மீதி 2, எனவே இரண்டாம் வாரம். மீதி இல்லை என்றால் நான்காம் வாரம். திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவற்றின் முதல் ஞாயிற்றில் மறுபடியும் முதல் வாரம்.

இன்னொரு விஷயம்: ஞாயிறின் 'முதல் மாலை செபம்' சனிக்கிழமை மாலையில் சொல்லப்படுவது. ஞாயிறு மாலைக்கு உள்ளது 'இரண்டாம் மாலை செபம்'.

இதையெல்லாம் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் நாளில் நட்சத்திரத்தை மட்டும் கவனித்தாலே போதும், மற்றவர்களோடு சேர்ந்துவிடலாம். பஸ்ஸில் தனியாக மொபைலைப் பார்த்துச் சொல்பவருக்கு 'முதல்', 'எல்' இரண்டும் அவரேதான். அப்போதும் அந்த * வரும் இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துங்கள். அவசரமாக வாசித்து முடிப்பதற்கும் செபமாகச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும்.