உத்தியோகஸ்தரின் வயதும் ஓய்வுக்காலச் சேமிப்பும்

நம் கல்லூரியிற் கற்றுத் தேறி, புகைவண்டி இலாகாவில் எழுத்தராய் அமர்ந்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தார். பேச்சினிடையே தமது ஓய்வூதியக் கணக்குச் சீட்டை எடுத்துக் காட்டி, "ஐயா, எனக்கு 35 வயதாகிறது. இந்த வயதில் இவ்வளவு சேர்ந்திருந்தாற் போதுமா?" என்று வினவினார். உடனே விடை கூற இயலவில்லை. அவர் சென்றபின் காகிதமும் பென்சிலும் கொண்டு யான் போட்டுப் பார்த்த கணக்கே இக்கட்டுரையாயிற்று. மாநில ஊழியர்க்குரிய விதிகள் வேறாதலின், ஈண்டு மத்திய அரசாங்க ஊழியரை மட்டுமே கருதுவோம்.

இவர்கள் இரு பிரிவினர். 2004ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதிக்கு முன் வேலையில் அமர்ந்தோர், சம்பளத்தில் நூற்றுக்கு 6க்குக் குறையாமல் பிராவிடெண்டு பண்டிற் செலுத்துவர். அதில் அரசாங்கத்தார் தம் பங்காக ஒன்றும் இடுவதில்லை; வட்டி மட்டும் தருவர். ஆயினும் ஓய்வு பெற்றபின் கடைசிச் சம்பளத்திற் பாதி, பஞ்சப்படியோடு, ஆயுள் முழுதும் வரும். ஆதலால் அன்னாருக்குப் பண்டு என்பது உணவுக்குமேல் வைத்த பாயசம் போன்றது, குறைந்தாலும் பட்டினியில்லை. அத்தேதிக்குப்பின் வந்தோர்க்கோ, படைவீரர் நீங்கலாக, தேசிய ஓய்வூதியத் திட்டம் வகுக்கப்பட்டது. ஊழியர் நூற்றுக்கு 10 செலுத்த, அரசாங்கத்தார் முதலில் 10ம், 2019 ஏப்ரல் முதல் 14ம் செலுத்தி வருகின்றனர். இத்தொகை பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் இடப்பட்டு வளரும். ஓய்வின்போது 60 பங்கைக் கையிற் பெறலாம். குறைந்தது 40 பங்கைக் கொண்டு மாதவருமானம் வாங்குதல் வேண்டும். இவர்களுக்குச் சேமிப்பே உணவு.

இவ்விரு வகையாரையும் ஒன்றாகக் கலந்து, "50 வயதினரின் சராசரிச் சேமிப்பு இவ்வளவு" என்று கூறுவது பயனற்றது. சராசரி என்னும் சொல்லே பல சமயம் நம்மை ஏமாற்றும். ஓர் அலுவலகத்தில் ஐவர் இருக்க, அவர்கள் கணக்கில் முறையே 4, 6, 8, 12, 70 லட்சம் இருப்பதாகக் கொள்வோம். சராசரி 20 லட்சம். அந்த 20ஐ எட்டியவர் ஒருவரே. நடுவில் நிற்பவரிடம் இருப்பது 8 லட்சம். பிறர் கணக்கோடு தம் கணக்கை ஒப்பிட விழைவோர் இந்த நடுவரையே நோக்குதல் தகும்.

இனி வயதைப் பற்றி. வருஷத்திற்கு ஒரு லட்சம் வீதம், நூற்றுக்கு 8 வட்டியில், 60 வயது வரை இடுவதாகக் கணக்கிட்டேன். 25 வயதில் தொடங்கியவருக்கு ஏறக்குறைய 172 லட்சம் சேரும். 35இல் தொடங்கியவருக்கு 73 லட்சம். 45இல் தொடங்கியவருக்கு 27 லட்சமே. முன்னவரின் 172 லட்சத்தில் 99 லட்சம் அவர் முதற் பத்தாண்டுகளில் இட்ட பத்து லட்சத்தின் விளைவாகும். பின்னர் இருபத்தைந்து ஆண்டுகள் இட்ட 25 லட்சமும் சேர்ந்து 73 லட்சத்தையே தந்தன. வட்டிக்கு வட்டி என்பதன் வலிமை இது என்று வகுப்பில் நானே பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

ஆயின் இக்கணக்கில் ஒரு குறையுண்டு. எந்த உத்தியோகஸ்தர் முப்பத்தைந்து ஆண்டும் ஒரே தொகையைச் செலுத்துகிறார்? ஆண்டு உயர்வு, பஞ்சப்படி, பதவி உயர்வு என்று சம்பளம் ஏற ஏறச் செலுத்தும் தொகையும் ஏறும். சேமிப்பு வளரும் வேகமும் சம்பளம் ஏறும் வேகமும் ஒன்றேயென்று வைத்துக்கொண்டால், வியக்கத்தக்க எளிய முடிவொன்று கிடைக்கிறது: முதல் வருஷத்தில் இட்டதும் பத்தாம் வருஷத்தில் இட்டதும் முடிவிற் சமமாகவே நிற்கும். கணக்கிலுள்ள தொகை, அப்போதைய ஒரு வருஷச் செலுத்துகையைச் சேவை ஆண்டுகளாற் பெருக்கியதாகும். இரு பங்கும் சேர்ந்து நூற்றுக்கு 24 ஆதலின், 10 ஆண்டு சேவைக்கு 2.4 வருஷச் சம்பளமும், 25 ஆண்டுக்கு 6 வருஷச் சம்பளமும், 35 ஆண்டுக்கு 8.4 வருஷச் சம்பளமும் இருத்தல் வேண்டும். ரூபாய்க் கணக்கைக் காட்டிலும் இவ்வளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது. கடைநிலை ஊழியர்க்கும் மேலதிகாரிக்கும் இது பொருந்தும். பிறந்த நாளை அன்று, வேலையில் அமர்ந்த நாளையே இது கேட்கிறது.

இவ்வளவுகோலால் ஒரு கசப்பான செய்தியையும் அறியலாம். 2004இன் தொடக்கத்தில், தமது 45ஆம் வயதில் வேலை பெற்று, 2019இல் ஓய்வடைந்த ஒருவரை எண்ணுங்கள். பங்கு நூற்றுக்கு 20. சேவை 15 ஆண்டு. சேமிப்பு 3 வருஷச் சம்பளம். கடைசிச் சம்பளம் மாதம் 50,000 ரூபாய் எனின், சேமிப்பு 18 லட்சம். அதில் 40 பங்காகிய 7.2 லட்சத்திற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 6 கிடைக்குமென்று கொண்டால், மாதவருமானம் 3,600 ரூபாய். கையில் 10.8 லட்சம் இருப்பது மெய்யே. ஆனால் ஒரு மருத்துவச் செலவோ, மகளின் கலியாணமோ அதைக் கரைக்க அதிக நாள் பிடிக்காது. பழைய விதியில் அவருடைய அடிப்படைச் சம்பளத்திற் பாதி, விலைவாசி ஏற்றத்திற்கேற்ற படியோடு வந்திருக்கும். ஊழியர் சங்கங்கள் பல ஆண்டுகள் எழுப்பிய குரல் எதனால் எழுந்தது என்பது இதனால் விளங்கும். 35 ஆண்டு முழுச் சேவை உடையவர்கூட, 8.4 வருஷச் சம்பளத்தையும் ஒரு காசு எடாமல் மாதவருமானமாக மாற்றினாலன்றிச் சம்பளத்திற் பாதியை எட்டார். அதுவும் விலைவாசியோடு ஏறாத வருமானம்.

2025 ஏப்ரல் முதல் தேதியில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் இக்குறையைத் தீர்க்கப் புகுந்தது. அதனை விரும்பி ஏற்போர்க்கு, 25 ஆண்டு சேவையிருப்பின், கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியிற் பாதி கிடைக்கும். 10 ஆண்டு முடித்தோர்க்கு மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாது. ஊழியர் 10 செலுத்த, அவர் கணக்கில் அரசாங்கமும் 10 இடும், மேலும் 8.5ஐப் பொதுநிதியிற் சேர்க்கும். இனிச் சேமிப்பைப் பற்றிக் கவலையில்லை என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொருவர்க்கும் அளவுத்தொகை ஒன்று கணிக்கப்படும். முன்னர்ப் பணம் எடுத்தமையாலோ, செலுத்தத் தவறியமையாலோ கணக்கு அதற்குக் குறையுமாயின், ஓய்வூதியமும் அவ்விகிதத்தில் குறையும்.

வயது நேராகக் குறுக்கிடும் இடமும் ஒன்றுண்டு. தேசியத் திட்டத்தில் நடுத்தர வகையைத் தேர்ந்தவருக்கு 35 வயது வரை பாதித் தொகை பங்குகளில் இருக்கும். பின் ஆண்டுதோறும் குறைந்து 55இல் நூற்றுக்கு 10 ஆகும். இளைஞர்க்குச் சந்தையின் வீழ்ச்சியைப் பொறுக்க நாளுண்டு. ஓய்வை நெருங்கியவர்க்கு இல்லை.

நிற்க. நம் மாணவர் 24ஆம் வயதில் வேலையில் அமர்ந்து 11 ஆண்டுகள் ஆயின. அவற்றுட் சில ஆண்டுகள் அரசாங்கப் பங்கு 10 ஆக இருந்தமையால், அளவுகோலின்படி இரண்டரை வருஷச் சம்பளத்திற்குச் சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும். அவர் சீட்டிற் கண்டது ஏறத்தாழ இரண்டேகால் வருஷம். அண்மையிற் பதவி உயர்வு பெற்றிருக்கிறார்; சம்பளம் திடீரென ஏறும்போது இவ்வளவு பின்தங்குவது இயல்பே. அப்படியே அவருக்கு எழுதினேன். வீடு கட்டுவதற்காகக் கொஞ்சம் எடுக்கலாமா என்று மறுகடிதத்திற் கேட்டிருக்கிறார். தம் பங்கில் நான்கிலொன்று வரை எடுக்க விதி இடந்தருகிறது. இன்று எடுக்கும் தொகை நூற்றுக்கு 8 வீதம் வளர்ந்தால், அவர் 60 அடையுங்கால் ஏறக்குறைய ஏழு மடங்காகும் என்பதை மட்டும் பதிலிற் குறித்தேன். வாடகை வீட்டில் அத்தனை ஆண்டு கழிப்பதற்கு என்ன செலவாகும் என்பதை அவரே கணக்கிட்டுக் கொள்வார்.