கைராசி ஊசி

மழை விட்டதிலிருந்து எங்கள் அரசு மருத்துவமனையின் காய்ச்சல் வார்டுக்கு ஒரே கதைதான் வந்துகொண்டிருக்கிறது. மூன்று நாள் காய்ச்சல், தெருமுனை கிளினிக்கில் தினம் ஓர் ஊசி. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, வேலைக்குப் போனார். ஐந்தாம் நாள் கைகால் சில்லிட்டு, நாடி பிடிபடாத நிலையில் தூக்கி வருகிறார்கள். "காய்ச்சல்தான் விட்டுருச்சே சார்" என்கிறார் மனைவி. டெங்குவில் காய்ச்சல் விடும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். கிளினிக்கில் யாரும் இதைச் சொல்லவில்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் எப்படிச் சொல்வார்கள்?

கவருக்குள் என்ன?

கிளினிக்கில் மருந்துச்சீட்டு கிடையாது. வெள்ளைக் கவர், பெயர் தெரியாதபடி கத்தரித்த மாத்திரைத் துண்டுகள். அதில் பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரை இருந்தால் எனக்கு ஸ்டீராய்டு சந்தேகம்தான் முதலில் வரும். காய்ச்சல் சட்டென இறங்கும், பசிக்கும், தெம்பு வந்ததுபோல் இருக்கும். நோய் மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். சர்க்கரைக்காரர் என்றால் சர்க்கரை எகிறிவிடும்.

"ஊசி போட்டாத்தான் கேக்கும்"

கேட்காது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசியால் பயனே இல்லை. வலி ஊசி என்று போடும் டைக்ளோஃபெனாக், டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். ஊசி போட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டி, கன்றிப்போய் வருகிறார்கள்.

அடுத்தது, "ஒரு பாட்டில் ஏத்துங்க." அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. வீட்டுக் காபியில் கிடைக்காத சத்தா அது? கணக்கில்லாமல் ஏற்றினால் டெங்கு நோயாளிக்கு நுரையீரலில் நீர் கோக்கும். 

எல்லா கிளினிக்கும் இப்படியல்ல. பிரஷர் பார்த்து, பாராசிட்டமால் மட்டும் எழுதி, "நாளைக்கு வாங்க" என்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். "ஊசியே போடல, கைராசி இல்ல" என்று எதிர் கிளினிக்குக்குப் போவது நாம்தான். அந்த டாக்டரும் வாடகை கட்ட வேண்டுமே.

பரிசோதனை

காய்ச்சல் வந்த முதல் 5 நாளுக்குள் டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை, கூடவே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

தயவுசெய்து

தனியார் கிளினிக்குகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997இலேயே சட்டம் வந்தது. விதிகள் வர 2018 ஆனது. அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மருந்துச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மெடிக்கலில் "காய்ச்சலுக்கு ஒரு செட்" கேட்காதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், வெகுநேரமாகச் சிறுநீர் போகாமை என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் வாருங்கள், வார்டில் டாக்டர் இருப்பார்.