கடைசியில் வருபவரும் வீரரே

கோவளம் கடற்கரையில் அதிகாலையில் நிற்போர் இருவகை மனிதரைக் காணலாம். ஒருபுறம், கடலில் பாடுபட்டுத் திரும்பிய மீனவர் வலையோடு கரையேறுகின்றனர். மறுபுறம், இளைஞரும் சிறுவரும் பலகையை ஏந்திக் கடலில் இறங்குகின்றனர். அலைமேல் ஏறுகின்றனர், விழுகின்றனர், மீண்டும் ஏறுகின்றனர். கரையில் நிற்கும் நாமோ, "இதெல்லாம் விளையாட்டு வீரர்களுக்கு; நமக்கெதற்கு?" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அப்படிச் சொல்வது சரிதானா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

விளையாடுபவரைத் தமிழில் 'வீரர்' என்று அழைப்பது நம் வழக்கம். அச்சொல்லைக் கேட்டவுடன் பதக்கமும் கோப்பையுமே நம் கண்முன் நிற்கின்றன. பங்குத் திருவிழாவையொட்டி ஓட்டப்பந்தயம் நடத்துகிறோம். முதல் மூவர் மேடையேறிப் பரிசு பெறுகின்றனர். கடைசியாக ஓடிவந்த பிள்ளையோ, "எனக்கு விளையாட்டு வராது" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. பின்னாளில் மருத்துவர், "தினமும் நடக்க வேண்டும்" என்று வற்புறுத்தும்போதும் அந்தப் பழைய தீர்ப்பே குறுக்கே நிற்கிறது. பள்ளி நாளில் நம்மையும் ஓர் ஆசிரியர் மைதானத்தின் ஓரத்தில் அமர்த்தி, ஓடுவோரின் சட்டைகளைக் காவல் காக்கச் சொன்னார். அந்த ஓரத்தைவிட்டு எழுந்துவர நமக்குப் பல ஆண்டுகள் ஆயின.

விளையாட்டு வீரரைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லுக்குப் பரிசை நாடிப் போட்டியிடுபவர் என்பதே பொருள். வென்றவருக்கு மட்டும் உரிய பெயரன்று அது. அக்கிரேக்க நாட்டிலுள்ள கொரிந்து நகருக்கு அருகே, புனித சின்னப்பரின் காலத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடைபெற்று வந்தது. வென்றவருக்கு இலைகளால் ஆன முடியைச் சூட்டுவர். அது சில நாளில் வாடிவிடும். அந்நகரத்து விசுவாசிகளுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் சின்னப்பர் இந்த ஓட்டத்தையே உவமையாக எடுத்தாளுகிறார். அவர் யாருக்கு எழுதினார்? அச்சபையில் அடிமைகளும் எளியோரும் இருந்தனர். அவர்களில் விரைவாக ஓடுபவர் யார் என்று அவர் விசாரிக்கவில்லை. அனைவரையும் ஓடச் சொல்லுகிறார். வாடாத முடி ஒன்று உண்டு என்கிறார். தாமும் தம் உடலை அடக்கிப் பயிற்றுவதாகக் கூறுகிறார். துறவியரின் தவமுயற்சிக்குத் திருச்சபை ஏற்றுக்கொண்ட கிரேக்கச் சொல்லும், முதலில் மைதானத்துப் பயிற்சியைக் குறித்த சொல்லே.

இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கோவளத்தின் மீனவரான மூர்த்தி மேகவன், அலைச்சறுக்கைத் தாமே பழகிக்கொண்டவர். 2012ஆம் ஆண்டில் தம் ஊரில் அதற்கென ஒரு பயிற்சிப்பள்ளி தோன்றக் காரணமாக இருந்தவர் அவரே. குப்பத்துப் பிள்ளைகளிடம் அவர் பதக்கம் கேட்கவில்லை. புகையும் மதுவும் கூடாது என்பதையே விதியாக வைத்தார். பலகைமேல் ஏறிய அன்றே அப்பிள்ளைகள் அலைச்சறுக்கு வீரர் என்ற பெயரைப் பெற்றனர்; திறமை பின்னர் வந்தது. அவர்களுடைய பாட்டன்மார் கட்டுமரத்தில் துடுப்பு வலித்து இதே அலைகளைக் கடந்தவர்கள். ஆனால் அவர்களை யாரும் வீரர் என்று அழைக்கவில்லை. அவர்களும் தம்மை அவ்வாறு எண்ணவில்லை.

உரோமை நகரிலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டு. வத்திக்கானில் பணிபுரிவோர் சிலர், வேலைக்குச் செல்லுமுன் விடியற்காலையில் தைபர் ஆற்றங்கரையில் ஓடி வந்தனர். 2019ஆம் ஆண்டில் அது முறையான தடகளச் சங்கமாக மலர்ந்தது. காவல் வீரர், குருக்கள், கன்னியர், மருந்தாளுநர் எனப் பலரும் அதில் சேர்ந்தனர். 19 வயதுக் காவலரோடு 62 வயதுப் பேராசிரியரும் அதில் இடம்பெற்றார்.

பெயர் மாறினால் வாழ்க்கை மாறுமா என்று கேட்கலாம். தன்னை வீரர் என்று எண்ணுபவர் நேரத்தோடு உறங்குவார். உண்பதில் அளவு காப்பார். மதுக்குவளையை விலக்கக் காரணம் ஒன்று அவருக்குக் கிடைக்கும். நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று மறைக்கல்வியில் படித்தோம். ஆலயத்தைத் தினமும் கூட்டித் துடைக்க வேண்டாமா?

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரையின்படி, வயது வந்தோருக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும். பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் பெரியவரின் கணக்கு நிறைவுறும். செபமாலையைக் கையில் ஏந்தியும் நடக்கலாம். நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நலம். வீட்டு வேலையே போதுமென்று தாய்மாரை அடுக்களையிலேயே விட்டுவிடாதிருப்போம். அவர்களும் மாலையில் வெளியே வந்து நடக்க, மற்றவர் அரைமணி நேரம் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த பங்குவிழாப் பந்தயத்தில் கடைசியாக வரும் பிள்ளையைக் காணும்போது, கோட்டருகே காத்திருந்து கைதட்டி வரவேற்போம். "நாளையும் ஓடு" என்று அப்பிள்ளையிடம் சொல்வோம். சொல்வதோடு நில்லாமல், மறுநாள் காலையில் நாமும் உடன் ஓடுவோம். ஓட்டத்தை முடித்ததாகவே சின்னப்பர் தம் இறுதி நாளில் மகிழ்ந்து எழுதினார். எத்தனையாவதாக வந்தார் என்று எழுதவில்லை.