இருப்புப் பாதைகள் – 7: நெரிசல் கட்டிய பாதை

இரண்டாவது உலக மகாயுத்தத்திற்குப் பிந்தைய வருஷங்களில், ரயிலின் காலம் முடிந்துவிட்டது, இனி மனிதன் மோட்டாரிலும் விமானத்திலும்தான் பிரயாணம் செய்வான் என்பதே நிபுணர்களில் பெரும்பாலோருடைய அபிப்பிராயமாக இருந்தது. அமெரிக்கா தன் செல்வத்தை நெடுஞ்சாலைகளிலும் விமான நிலையங்களிலும் கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தோல்வியுற்றுச் சரணடைந்து பதினான்கே வருஷங்கள் ஆகியிருந்த ஜப்பான், 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், டோக்கியோவுக்கும் ஒஸாகாவுக்கும் இடையே 515 கிலோமீட்டர் நீளத்திற்கு முற்றிலும் புதியதொரு பாதையைக் கட்டத் தொடங்கியது. இது விவேகமான காரியந்தானா என்று அந்நாட்டவரே சந்தேகித்தார்கள். ஆகாய யுகத்தில் பயனின்றி மூழ்கிப்போன யமாட்டோ போர்க்கப்பலை நினைவூட்டி எச்சரித்தவர்களும் உண்டு.

அந்தச் சந்தேகத்திற்கு விடை, அவ்விரு நகரங்களையும் ஏற்கெனவே இணைத்திருந்த பழைய டோக்கைடோ மார்க்கத்தில் இருந்தது. ஜப்பானிய தேசிய ரயில்வேயின் மொத்தப் பாதையில் நூற்றுக்கு மூன்று பங்கே நீளமுள்ள அந்த ஒரு மார்க்கம், தேசத்துப் பிரயாணிகளிலும் சரக்கிலும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டிருந்தது. தண்டவாளங்களுக்கிடையே 1067 மில்லிமீட்டரே அகலமுள்ள குறுகிய பாதை அது. 1956-இல் முழுவதையும் மின்சார மயமாக்கியும் மூச்சு விட இடம் கிடைக்கவில்லை. கரை தளும்பி நிற்கும் ஏரிக்கு இன்னொரு மதகு வேண்டும் என்பதில் தர்க்கத்திற்கு இடமில்லை அல்லவா? பழைய பாதைக்குப் பக்கத்தில் அதே அகலத்தில் இன்னும் இரண்டு தண்டவாளங்களைப் போடுவதா, அல்லது 1435 மில்லிமீட்டர் அகலத்தில் தனிப் பாதையே அமைப்பதா என்பதுதான் அங்கே உண்மையான விவாதம். வேகம் அந்த விவாதத்தில் இரண்டாவதாக வந்து சேர்ந்த விஷயம் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

அகலப் பாதைதான் வேண்டும் என்று நின்றவர்கள் இருவர். 1955-இல், எழுபது வயதைக் கடந்த பிறகு, ரயில்வேயின் தலைவர் பதவியை ஏற்ற ஷின்ஜி ஸோகோ ஒருவர். ரயில்வேயிலிருந்து விலகிப் போயிருந்த நிலையில் அவர் திரும்ப அழைத்துக்கொண்ட பொறியாளர் ஹிடேயோ ஷிமா மற்றவர். ரயில் பாதையை வேறெந்தச் சாலையும் குறுக்கிடலாகாது, இழுக்கும் சக்தி ஒரே எஞ்சினில் குவியாமல் பெட்டிதோறும் மோட்டார்களாகப் பரவியிருக்க வேண்டும், சைகை விளக்கு பாதையோரத்தில் நில்லாமல் ஓட்டுநரின் கண்ணெதிரே அவருடைய அறையிலேயே தோன்ற வேண்டும் என்றெல்லாம் வகுக்கப்பட்ட விதிகளில் எதுவும் அற்புதமான கண்டுபிடிப்பு அன்று. தெரிந்த சாஸ்திரத்தை ஒழுங்காகச் சேர்த்ததே அவர்களுடைய சாமர்த்தியம். இத்தனை தசாப்தங்களில் தடம் புரண்டோ மோதியோ அந்தப் பாதையில் ஒரு பிரயாணிகூட உயிரிழக்கவில்லை என்பது அந்த ஒழுங்கின் பலன்.

பணத்தின் கதை அவ்வளவு தூய்மையானதல்ல. உண்மையான செலவைச் சொன்னால் பார்லிமெண்டு சம்மதிக்காது என்று அஞ்சிய ஸோகோ, 20,000 கோடி யென்னுக்குச் சற்றுக் குறைவான மதிப்பீட்டைக் காட்டி அனுமதி பெற்றார். பின்னால் வரும் சர்க்கார் எதுவும் பாதி வழியில் கைவிட்டுவிடாதபடி, 1961-இல் உலக வங்கியிடம் எட்டுக் கோடி டாலர் கடனும் வாங்கிக் கட்டிப் போட்டார். முடிவில் ஆன செலவு ஏறத்தாழ 38,000 கோடி யென். அவர் 1963-இல் பதவியிழந்தார். ஷிமாவும் உடன் விலகினார். ஒலிம்பிக் பந்தயங்களுக்கு ஒன்பது நாள் முன்னர், 1964 அக்டோபர் முதல் தேதி காலையில், முதல் வண்டி புறப்பட்டபோது டோக்கியோ நிலையத்து மேடையில் அவர்கள் இருவருமே இல்லை. ஸோகோவின் தீர்க்கதரிசனத்தை நான் மனமார மதிக்கிறேன். ஆயினும் அவர் செலவைக் குறைத்துக் காட்டிய காரியத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஜனங்களின் பணத்தைச் செலவிடுகிறவன் ஜனங்களிடம் தொகையை மறைக்கலாகாது. நல்ல பாதைக்காகச் சொல்லப்பட்ட பொய், பிற்காலத்தில் தேவையற்ற பாதைகளுக்காகச் சொல்லப்படும் பொய்களுக்கெல்லாம் முன்மாதிரியாகிவிடுகிறது.

பாதை தன் கடனை அடைத்தது. பழைய வண்டிகளில் ஆறரை மணி நேரமான பிரயாணம் முதலில் நான்கு மணியாகவும், மறு வருஷமே மூன்று மணி பத்து நிமிஷமாகவும் குறைந்தது. மூன்று வருஷங்கள் நிறையுமுன் பத்துக் கோடிப் பேர் அதில் பிரயாணம் செய்தார்கள். உலக வங்கியின் கடன் 1981-இல் தீர்ந்தது. எனினும் கணக்குப் புத்தகத்தில் முழுதும் தெரியாத லாபம் ஒன்று உண்டு. விரைவு வண்டிகள் புதிய பாதைக்கு மாறியதனால், பழைய பாதையில் சரக்கு வண்டிகளுக்கும், அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களின் உள்ளூர் வண்டிகளுக்கும் இடம் பிறந்தது. அதிவேக ரயிலில் ஒருமுறைகூட ஏறாத ஏழைத் தொழிலாளிக்கும் அதனால் கிடைத்த நன்மை இதுவே. என் மதிப்பில் இதுதான் பிரதானமான பலன்.

ஆனால் அதே 1964-இல்தான் தேசிய ரயில்வே நஷ்டத்தில் விழுந்தது, பிறகு எழவேயில்லை. 1987-இல் அது துண்டாடப்பட்டுத் தனியாரிடம் போனபோது, தலைமேல் இருந்த கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். கிராமாந்தரக் கிளைப் பாதைகளும் சம்பளச் சுமையும் லாரிப் போட்டியும் அதற்குப் பெருங்காரணங்கள்; ஆயினும் டோக்கைடோவின் வெற்றியைக் கண்டு தத்தம் தொகுதிக்கும் ஒன்று கேட்ட அரசியல்வாதிகளின் ஆசைக்கும் அதில் பங்குண்டு. 22 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தால் மலையைக் குடைந்து, 1982-இல் நிகாட்டாவுக்குச் சென்ற பாதை, பிரதம மந்திரியாக இருந்த கக்குவேய் தனாக்காவின் சொந்த மாகாணத்திற்கே சென்றது. 2016-இல் ஹொக்கைடோ தீவை எட்டிய பாதையோ தொடங்கிய நாள் முதல் நஷ்டத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டம் பாதையைக் கேட்டுப் பெற்ற இடத்தில் முதலீடு பலித்தது. பாதையைப் போட்டால் கூட்டம் வரும் என்று நம்பிய இடங்களில் அதே பலன் கிட்டவில்லை.

இப்போது அதே ஜப்பானிய முறையில், 0.1 சதவிகித வட்டிக்கு ஐம்பது வருஷத் தவணையில் வாங்கிய ஜப்பானியக் கடனைக் கொண்டு, மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டர் பாதை எழுந்துகொண்டிருக்கிறது. 2017-இல் அஸ்திவாரமிட்டபோது சொல்லப்பட்ட தொகை ஒரு லட்சத்து எட்டாயிரம் கோடி ரூபாய். இதைப் பற்றி வேகத்தைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் பேச்சுகள் ஏராளமாக நடந்துவிட்டன. இனி வாசகர்கள் தங்கள் பிரதிநிதிகளிடம் இரண்டு கணக்குகளைக் கேட்க வேண்டும்: இன்றைய தேதிக்கு உண்மையான செலவு எவ்வளவு, இந்தப் பாதை திறந்தபின் பழைய பாதையில் எத்தனை உள்ளூர் வண்டிகளும் சரக்கு வண்டிகளும் கூடுதலாக ஓடும்.