நகைப் பெட்டியா, உயிரா?

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து 2024 டிசம்பரில் மீண்டும் பிரயாணிகள் விமானம் பறக்கத் தொடங்கியது. அதில் ஏறினீர்களா, சகோதரி? புறப்படுமுன் பணிப்பெண் கையசைத்து விளக்கம் சொன்னாளே, கவனித்தீர்களா? முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தீர்களா?

அது வெறும் சம்பிரதாயமல்ல! 1996-ல் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம், எரிபொருள் தீர்ந்து கொமோரோ தீவருகே கடலில் விழுந்தது. மிதவைச் சட்டையில் உள்ளேயே காற்றடைத்துக்கொண்ட பலர், தண்ணீர் புகுந்ததும் கூரையோடு மிதந்து, வாசலுக்கு வர முடியாமல் மாண்டனர். வெளியேறும்போதுதான் காற்றடைக்க வேண்டும்!

2024 ஜனவரி 2-ல் டோக்கியோவில் இறங்கிய ஜப்பானிய விமானம், மற்றொன்றுடன் மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த 379 பேரும் தப்பினர். சிப்பந்திகளின் பயிற்சி ஒரு காரணம். மூட்டைகளை விட்டுவிட்டு இறங்கிய பிரயாணிகளின் கட்டுப்பாடு மற்றொன்று.

அடுத்த முறை ஏறியதும், அவசர வாசல் எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணி வையுங்கள். நகைப் பெட்டியா? கிடக்கட்டும், குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள்!