கருகிய மோட்டாரும் மாற்றும் முறையும்

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளைக்கு அருகே 2,036 மீற்றர் உயரத்திற்கு எழுந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது சிகரங்கள் என்பது அப்பெயரின் பொருள். அதன் சரிவெங்கும் தேயிலைத் தோட்டங்கள். தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரமும், எரிபொருளுக்காகவும் பலகைக்காகவும் வளர்க்கப்படும் யூக்கலிப்டஸ் மரமும் அங்கே ஏராளம். மரம் உள்ள இடத்தில் தச்சுப் பட்டறையும் இருக்கும். கதவு, யன்னல், கட்டில், மேசை என்பனவெல்லாம் அப்பட்டறைகளிலிருந்தே லயன்களுக்கும் வீடுகளுக்கும் செல்கின்றன.

அத்தகைய பட்டறையொன்றில் ஒருநாள் வட்டவாள் உறுமிக்கொண்டே நின்றுவிடுகின்றது. வார்னிஷ் கருகிய நாற்றம் மூக்கைத் துளைக்கின்றது. மோட்டார் எரிந்துவிட்டது என்பதைச் சிறுவனும் அறிவான். அன்று மாலைக்குள் முடிய வேண்டிய வேலை நிற்கின்றது. அதை நம்பியுள்ள இரண்டு குடும்பங்களின் வருவாயும் நிற்கின்றது. உடனே கடன் வாங்கியேனும் புதிய மோட்டாரைக் கொணர்ந்து பூட்டுவதே வழக்கம். ஆனால் முதல் மோட்டார் எரிந்த காரணத்தை ஆராயாமல் இரண்டாவதைப் பூட்டினால், சின்னாட்களில் அதுவும் எரியும். கடன் மட்டும் எஞ்சும்.

முற்காலத்தில் இத்தொல்லை வேறு வடிவில் இருந்தது. தோட்டத் தொழிற்சாலைகளில் நீர்ச்சக்கரமோ எண்ணெய் இயந்திரமோ ஒரு நீண்ட தண்டைச் சுழற்ற, அதிலிருந்து தோல் வார்கள் பல இயந்திரங்களுக்கு விசையை எடுத்துச் சென்றன. விசை தரும் இயந்திரம் பழுதானால் எல்லாமே நிற்கும். இலங்கையின் அருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-ஆம் ஆண்டில் விளக்கிக் கட்டுரை வாசித்தார். 1950-இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் பரவப் பரவ, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் வந்தது. வசதி பெருகியது, மோட்டாரைப் பேணும் பொறுப்பும் பட்டறைக்காரர் தலையில் விழுந்தது.

மோட்டார் எரிவது எவ்வாறு? அதன் உள்ளே செப்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒவ்வொரு கம்பியின் மேலும் மெல்லிய வார்னிஷ் காப்பு உண்டு. மின்னோட்டம் மிகுந்தால் வெப்பம் மிகும். காப்பு தாங்கும் அளவுக்கு மேல் வெப்பம் ஏறஏற அதன் ஆயுள் குறையும். ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொதுக் கணக்கு. இறுதியில் காப்பு கருகிக் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. அதுவே முடிவு.

வெப்பம் மிகுவதற்குக் காரணங்கள் பல. மழுங்கிய வாள் மரத்தை அறுக்காமல் உரசுகின்றது. மோட்டார் மேலும் மேலும் உழைக்கின்றது. மரத்தூள் விசிறியையும் உடலின் வரிகளையும் அடைத்துக் காற்றைத் தடுக்கின்றது. நீண்ட மின்கம்பியின் கடைசியில் உள்ள பட்டறையில் மின்னழுத்தம் தாழ்கின்றது. அழுத்தம் 80 வீதமாகக் குறைந்தால் மோட்டாரின் முறுக்கு வலு 64 வீதமாகக் குறையும். அதே சுமையை இழுக்க அது மிகுதியான மின்னோட்டத்தை உறிஞ்சும்.

இவை எல்லாவற்றிலும் கொடியது, மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றுப்போவது. ஓர் உருகி எரிந்தாலோ, ஓர் இணைப்பு தளர்ந்தாலோ, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. எஞ்சிய இரண்டு கம்பிகளில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகும். நின்ற நிலையில் இருந்தால் தொடங்காமல் உறுமும். அவ்வுறுமல் கேட்ட கணமே சுவிட்சை நிறுத்துதல் வேண்டும்.

எரிந்த மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் காரணம் ஓரளவு தெரியும். எல்லாச் சுருள்களும் ஒரே சீராகக் கருகியிருந்தால் மிகுசுமையோ குறைந்த அழுத்தமோ காற்றடைப்போ காரணமாகும். சில சுருள்கள் கருகி, மற்றவை புதியனபோல் இருந்தால் ஒரு முனை அற்றதே காரணமாகும். அப்போது குற்றம் மோட்டாரில் இல்லை; உருகியிலும் சுவிட்சிலும் இணைப்பிலுமே தேட வேண்டும்.

அடுத்து, புதியதைத் தெரிவு செய்தல். பழைய மோட்டாரின் பெயர்த்தகட்டை முதலில் துடைத்துப் படிக்க வேண்டும். குதிரைவலு ஒன்று 746 வாட் ஆகும். ஆகவே 3 குதிரைவலு மோட்டாருக்கு ஈடு 2.2 கிலோவாட் மோட்டார். வலுவைக் காட்டிலும் வேகத்தில் தவறுவதே பேராபத்து. இலங்கை மின்சாரம் வினாடிக்கு 50 முறை மாறுவது. நான்கு முனைவு மோட்டார் சுமையுடன் நிமிடத்துக்குச் சுமார் 1,440 முறையும், இரு முனைவு மோட்டார் சுமார் 2,880 முறையும் சுழலும். 300 மில்லிமீற்றர் வாள் நிமிடத்துக்கு 2,880 முறை சுழன்றால் அதன் பற்கள் வினாடிக்குச் சுமார் 45 மீற்றர் வேகத்தில் செல்லும். கப்பிகளை மாற்றாமல் 1,440 மோட்டாரின் இடத்தில் 2,880 மோட்டாரைப் பூட்டினால் அவ்வேகம் 90 மீற்றராகும். வாள் சிதறினால் அருகில் நிற்பவரின் உயிருக்கே உத்தரவாதம் இல்லை.

தண்டின் பருமனும் கவனிக்கத்தக்கது. பழைய பிரித்தானிய மோட்டார்கள் அங்குல அளவில் அமைந்தவை. இன்றைய சர்வதேச அளவில் 90 என்னும் சட்டத்துக்குத் தண்டு 24 மில்லிமீற்றர். 100, 112 என்பனவற்றுக்கு 28 மில்லிமீற்றர். ஓரங்குலமோ 25.4 மில்லிமீற்றர். தகரத் துண்டைச் செருகிப் பழைய கப்பியை மாட்டுவது கூடாது. கடைசல் பட்டறையில் புதிய துளையுள்ள கப்பி செய்வித்தல் நன்று. மரத்தூள் புகாத மூடிய உடலும் இன்றியமையாதது.

மலைநாட்டுக்கே உரிய செய்தி ஒன்றுண்டு. மோட்டார்களின் வலு பொதுவாக 1,000 மீற்றர் உயரம் வரைக்கும் கணித்துக் கூறப்படுவது. அதற்கு மேல் காற்றின் அடர்த்தி குறைவதால் குளிர்ச்சி குறையும். நமுனுகுலவின் குளிர்ந்த காலநிலை அக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்கின்றது. ஈரத்துக்கோ ஈடில்லை. வடகீழ்ப் பருவமழைக்காலத்தில் பல நாள் ஓடாதிருந்த மோட்டாரின் காப்பை மெகர் என்னும் கருவியால் சோதித்து, ஒரு மெகோமுக்குக் குறைந்தால் இளஞ்சூட்டில் உலர்த்திய பின்னரே ஓட்டுதல் வேண்டும்.

பூட்டும் வேலை தகுதிபெற்ற மின்னியலாளரின் கையில் இருக்கட்டும். பிரதான சுவிட்சை நிறுத்திப் பூட்டிட்டு, சோதனைக் கருவியால் மின்சாரம் இல்லையென உறுதி செய்வதே முதற்படி. கம்பியின் நிறத்தை மட்டும் நம்பலாகாது. பழைய பிரித்தானிய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் மின்சாரம் உள்ள முனைகள். 2004-ஆம் ஆண்டில் பிரித்தானியா ஏற்ற புதிய முறையிலோ நீலம் என்பது நடுநிலைக் கம்பி. பழைய கட்டிடத்தில் நீலக் கம்பியை நடுநிலையென்று தொட்டவர் உயிரிழக்கக்கூடும்.

இணைப்புப் பெட்டியில் 230/400 என்று பொறித்த மோட்டாரை 400 வோல்ற்று மும்முனை மின்சாரத்துக்கு நட்சத்திர முறையிலேயே இணைத்தல் வேண்டும். செப்புத் தகடுகளை முக்கோண முறையில் வைத்தால் ஒவ்வொரு சுருளுக்கும் 1.73 மடங்கு அழுத்தம் சென்று, புதிய மோட்டார் அன்றே கருகும். எர்த் இணைப்பு உறுதியாக இருத்தல் அவசியம். மிகுசுமைக் காப்பைப் பெயர்த்தகட்டில் உள்ள அம்பியர் அளவுக்கே அமைத்தல் வேண்டும். அடிக்கடி விழுகின்றதே என்று அதனை உயர்த்திவைப்பது, காவற்காரனை உறங்கச்செய்து கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

வாரை மாட்டுமுன் மோட்டாரைத் தனியே ஒரு கணம் ஓட்டிச் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். மேசை வாளின் பற்கள் வேலை செய்பவர் நிற்கும் பக்கத்தில் மேலிருந்து கீழாக இறங்குதல் முறை. மாறியிருந்தால், மீண்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மூன்று கம்பிகளுள் எவையேனும் இரண்டை இடமாற்றினால் போதும். பின்னர் இரு கப்பிகளையும் நூல் பிடித்து ஒரே கோட்டில் நிறுத்தி, வாரை அளவான இறுக்கத்துடன் மாட்டலாம். இறுக்கம் மிகுந்தால் பேரிங் கெடும். மரம் அறுக்கும்போது மூன்று கம்பிகளின் மின்னோட்டத்தையும் அளந்து, அவை ஏறத்தாழச் சமமாகவும் தகட்டளவுக்கு மேற்படாமலும் இருப்பதைக் கண்டால் வேலை நிறைவுற்றது.

பெயர்த்தகட்டின் விவரங்களையும் அன்று அளந்த அம்பியரையும் சுவரில் எழுதிவைத்தல் நல்ல வழக்கம். மாதமொருமுறை மரத்தூளைத் தூரிகையால் நீக்கி, வாளைத் தீட்டி, இணைப்புகளை மின்னியலாளரைக் கொண்டு இறுக்குவிக்கும் பட்டறையில் மோட்டார் நெடுங்காலம் உழைக்கும். அதனை நம்பியுள்ள குடும்பங்களின் அடுப்பும் அணையாது எரியும்.